கூரைமேல் ஒட்டுமீசை

அனுப்புநர்: டிக்கி நிறைந்துவிட்ட ஒரு கார்க்காரன், இரும்புலியூர், தாம்பரம்.

பெறுநர்: அலங்காரப் பிரிவுத் தலைவர் அவர்கள், கார் கம்பெனிகள் அனைத்தும்.

பொருள்: கூரைக் கம்பி தாங்கும் எடையைத் தெரிவிக்கக் கோரி விண்ணப்பம்.

பெருமதிப்புக்குரிய ஐயா,

இரும்புலியூர் தங்களுக்குத் தெரியாத ஊரல்ல. ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து மதுரவாயல் வழியாகப் புழல் போகும் பைபாஸ் பிரிகிற இடம். தங்கள் தொழிற்சாலைகள் எங்களைச் சுற்றித்தான் இருக்கின்றன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998 முதல், ஒரகடத்தில் 2010இல் ரெனோ-நிசான் தொடங்கிய ஆலை. மறைமலை நகர் ஃபோர்டு மட்டும் 2022இல் நடையைக் கட்டியது. கார் பிறக்கிற ஊர்களுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

தங்கள் விளம்பரங்களில் கார் எப்போதும் மலை உச்சியில்தான் நிற்கிறது. கூரையின் இரண்டு ஓரத்திலும் வெள்ளி நிறக் கம்பி மின்னுகிறது. பார்த்தால் மேலே ஒரு படகைக் கட்டிக்கொண்டு லடாக் கிளம்பலாம் போலிருக்கும். எங்களுக்கு அவ்வளவு பேராசை இல்லை. பொங்கல் முடிந்து ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு சிப்பம் அரிசி, கொஞ்சம் தேங்காய், பையனின் சைக்கிள், இவ்வளவுதான். டிக்கியில் சி.என்.ஜி. சிலிண்டர் ஏற்கெனவே காலை நீட்டிப் படுத்திருப்பதால், மேலே போடலாமா என்று ஒரு யோசனை.

இரண்டு கம்பிக்கும் இடையே குறுக்குச் சட்டம் மாட்டலாம் என்று ஆக்சஸரீஸ் கடைக்குப் போனேன். கடைப் பையன் ஒன்றும் பேசாமல் கம்பியின் நுனியை நகத்தால் நெம்பிக் காட்டினான். அடியில் டபுள் சைடு டேப்.

"இது ஷோவுக்கு சார். கயிறு போட்டு இழுத்தீங்கன்னா கையோட வந்துரும்."

நாடகக்காரர் ஒட்டிக்கொள்ளும் மீசையைத்தான் தாங்கள் வண்டிக்கு ஒட்டியிருக்கிறீர்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. ஒட்டிய பசைக்காகப் பாராட்ட வேண்டும். இத்தனை சித்திரை வெயிலுக்கும் உதிரவில்லை. எல்லாரும் இப்படி என்று சொல்லவில்லை. ஒரகடத்தில் தயாராகும் ரெனோ ட்ரைபரின் கம்பி 50 கிலோ தாங்கும் என்று அந்தக் கம்பெனியே அறிவித்திருக்கிறது. ஒரே ஒரு எண். அதைச் சொல்ல மற்றவர்களுக்கு என்ன கூச்சம்?

நிஜக் கம்பி வாய்த்து, அதில் குறுக்குச் சட்டமும் மாட்டியவர்களின் பாட்டையும் சொல்லிவிடுகிறேன். பெருங்களத்தூர் நெரிசலில் ஊர்ந்து வரும்வரை எந்தச் சட்டமும் நல்ல சட்டம்தான். பைபாஸ் ஏறி முள் எண்பதைத் தொட்டதும் கூரை பேச ஆரம்பிக்கும். சட்டமாக மாட்டிய 25 மில்லிமீட்டர் உருளைக் குழாயைக் கடக்கும் காற்று மேலும் கீழுமாக மாறி மாறிச் சுழன்று பிரிகிறது. அந்த வேகத்தில் வினாடிக்கு ஏறக்குறைய 180 தடவை. காதில் 'ஊம்' என்று விழுவது அதுதான். ஸ்ட்ரூஹால் என்ற செக் நாட்டு இயற்பியலாளர் இந்த விஷயத்தை 1878இலேயே ஆராய்ந்துவிட்டார். வேகம் இரட்டித்தால் இந்தச் சத்தத்தின் ஆற்றல் சுமார் 64 மடங்கு ஏறும். பின்சீட்டில் மாமியார் இருந்தால் இன்னும் கொஞ்சம் கூடக் கேட்கும்.

மருந்து இல்லாமல் இல்லை. 1942இல் தொடங்கிய ஸ்வீடனின் தூலே போன்ற கம்பெனிகள் விமான இறக்கை வடிவத்தில் சட்டம் செய்கின்றன. காற்று வழுக்கிக்கொண்டு போய்விடும். விலையைக் கேட்டால் நம் சத்தமும் அடங்கிவிடும். கையைக் கடிக்காத வழி, இருக்கிற குழாயில் நைலான் கயிற்றை இடைவெளி விட்டுத் திருகலாகச் சுற்றுவது. காற்று ஒரே தாளத்தில் பிரிய முடியாமல் குழம்பிப்போகும். உயரமான இரும்புப் புகைபோக்கிகளின் உச்சியில் திருகலாகத் தகடு வைப்பதும் இதே தத்துவத்தில்தான். முன்சட்டத்தைக் கண்ணாடி விளிம்பிலிருந்து சற்றுப் பின்னால் தள்ளி மாட்ட வேண்டும். சட்டத்தின் மேலே பள்ளம் இருந்தால் அதை ரப்பர் பீடிங்கால் மூட வேண்டும். சுமையைக் கட்டும் பட்டையை ஒரு முறுக்கு முறுக்கிக் கட்டினால் அது படபடக்காது. இதையெல்லாம் கடைப் பையன்கள் சொல்லித்தான் ஊர் தெரிந்துகொள்கிறது. தங்கள் கையேட்டில் சீட்டை எப்படிச் சாய்ப்பது என்பதற்கே இடம் போதவில்லை.

அடுத்தது சர்க்கார் சட்டம். முன்னால் கிராஷ் கார்டு மாட்டக் கூடாது என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் சொல்லிவிட்டது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைத்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது 2019இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம். வண்டியின் அமைப்பு மாறி, அதனால் அதன் அடிப்படை அம்சம் மாறினால்தான் அது மாற்றம் என்பது 52ஆம் பிரிவின் விளக்கம். ஆலன் கீயைத் திருகினால் கையோடு வந்துவிடும் குறுக்குச் சட்டம் அடிப்படை அம்சத்தை மாற்றுகிறதா என்று சாலையோரத்தில் நின்று வழக்காட எனக்குத் தெம்பில்லை. "இந்த இடத்தில், இந்த வகைச் சட்டம், இத்தனை கிலோ" என்று தங்கள் கையேட்டில் ஒரு வரி இருந்தால், நிறுத்துகிறவரிடம் நீட்ட ஒரு காகிதமாவது இருக்கும்.

ஆகவே ஐயா, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால், டயருக்கு எவ்வளவு காற்று என்று தாங்களே ஒரு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருக்கிறீர்கள். அதன் கீழே இன்னொரு வரி அச்சடியுங்கள்: கூரை தாங்கும் எடை இவ்வளவு. தாங்காது என்றால், சுமை ஏற்றக் கூடாது என்று எழுதுங்கள். ஒட்டுவதில் தங்களுக்கு இருக்கும் கைத்திறனுக்கு இது ஒரு வேலையே இல்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளன்.

நகல், வாசகர்களுக்கு: கூரைச் சுமைக் கணக்கில் பொதுவாகக் குறுக்குச் சட்டத்தின் எடையும் சேர்த்தி. சட்டம் வாங்கும் முன் கையேட்டைப் புரட்டுங்கள். எண் கிடைக்கவில்லையென்றால் கயிற்றை வீட்டிலேயே வைத்துவிட்டு, சைக்கிளை ரயிலில் புக் செய்யுங்கள்.