தண்டவாளமில்லாத நிலையமும் தேத்தண்ணிக் கடை முனியாண்டியும்

அறுத்துக்கொண்டு ஓடிய மாட்டைக் கட்டுத்தறிக்குக் கொண்டுவரும் வித்தை நம் முன்னோர்க்குக் கைவந்ததாயிருக்க, கதையை விட்டு மேயப் போன மனிதரைத் திரும்ப அழைத்துவரும் வித்தைக்கு மட்டும் இலக்கணம் வகுக்க ஒருவரும் துணியாதது நம் சாஸ்திரங்களில் ஒரு பெருங்குறையே. ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைவீட்டு மாடியில் சனிக்கிழமை இரவுதோறும் ஐவருக்குக் கதை நடத்தி அவதியுறும் அடியேன், அதை நிவர்த்திக்கவே இவ்வாராய்ச்சியில் இறங்கினேன்.

1974இல் அமெரிக்காவில் கேரி கைகேக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் உருவாக்கி வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டில், டி.எம். எனப்படுபவர் அரக்கர் முதல் ஆட்டுக்குட்டி ஈறாக ஓர் உலகையே சிருஷ்டிக்க, மற்றவர் தத்தம் பாத்திரம் செய்வதைச் சொல்ல, இருபது முகப் பகடை அதன் பலாபலனைத் தீர்மானிக்கும். தானே சிருஷ்டிகர்த்தா என்ற அகந்தை டி.எம்.முக்கு முதல் அரைமணி நேரம் இருக்கும்.

மலைக்குகை நாகத்துக்காக நான் மூன்று வாரம் படம் வரைந்திருந்தேன். வீரர்களோ அடிவாரத்தில் தேத்தண்ணி குடிக்க நின்றார்கள்.

“அண்ணே, கடைக்காரர் பேரு என்னா?” என்றான் மந்திரவாதி.

பெயர் வைக்காத குற்றத்தை மறைக்க ‘முனியாண்டி’ என்றேன். வினை அங்கே பிறந்தது. பெயருள்ளவனுக்கு ஊர் உண்டு. ஊருள்ளவனுக்குக் கடன் உண்டு.

“குகைக்கு அப்புறம் போலாம்லா. மொதல்ல இவரு கடன அடைப்போம்.”

வில்லாளி தானே தே தாரேக் இழுத்துக் காட்டுவதாகச் சொல்லிப் பகடையை உருட்டினான். அன்றிரவின் ஒரே இருபது அதற்கே விழுந்தது.

இந்நோய்க்குப் பாலத்தை இடிப்பது, புயலை ஏவுவது முதலான சிகிச்சைகளைச் சிலர் விதிப்பர். வீரர்களை இழுத்து ஒரே தடத்தில் ஓட்டும் இம்முறையை விளையாடுவோர் ‘ரெயில்ரோடிங்’ என்று நிந்திப்பர். நம் ஊர்க் கடற்கரையோரம் மணிக்கூண்டோடு நிற்கும், 1907இல் கட்டிய ரயில்வேக் கட்டடமோ வேறு நெறி காட்டுகிறது. தண்டவாளமே இல்லாத அந்நிலையத்தில் சீட்டு வாங்கியவர்கள், படகேறிக் கடல் கடந்து, அக்கரையிலுள்ள பிறை என்னும் ஊரில் ரயிலைப் பிடித்தார்கள். சீட்டை மட்டும் கையில் கொடுத்துவிட்டு நடுவில் அலையை விட்டுவைத்த அந்தத் துணிச்சல், சொல்லப்போனால், நம்மில் பல டி.எம்.களுக்கு இல்லை.

தெருக்கூத்துக் கட்டியங்காரனையும் இங்கே பிரமாணமாகக் கொள்ளலாம். ராஜாவின் வருகையைக் கூற வந்தவன், உள்ளூர்ச் சங்கதிகளை இழுத்துப் பரிகாசம் பண்ணிச் சபையை வயிறு குலுங்கச் சிரிக்கவைத்து, அச்சிரிப்பு அடங்குமுன் ராஜாவைத் திரைக்குப் பின்னாலிருந்து அழைத்துவிடுவான். சபையோடு தானும் வழிதவறிப் போனவனாதலால் திரும்பும் வழி அவனுக்குத் தெரியும்.

ஆகவே நான் குகையைப் பற்றி மூச்சுவிடாமல், முனியாண்டிக்குக் கடன் கொடுத்தவன் விட்டுச்சென்ற பணப்பையை மேஜைமேல் வைத்தேன். வெள்ளிக் காசுகளின் நடுவே, உள்ளங்கை அகலத்தில், இன்னும் ஈரம் காயாத ஒரு பச்சைச் செதில்.

மாடியில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“இது பாம்பு காசாண்ணே?” என்றான் மந்திரவாதி, குரலைத் தாழ்த்தி.

பேசாமல் தலையசைத்தேன். ஐவரும் ஆயுதங்களை எடுத்துக்கொண்டு எழுந்தனர். குகை வாசல் வரை ஒருவனும் பின்தங்கவில்லை. அங்கே வில்லாளி நின்று, இருட்டுக்குள் எட்டிப் பார்த்து, என் பக்கம் திரும்பினான்.

“அண்ணே, வாசல்ல காவலுக்கு நிக்கிறாரே, அவரு பேரு என்னா?”