அனுமதி வழங்கும் அதிகாரி

முகவரிப் பட்டைக்குக் கீழே, 'இந்தத் தளம் உங்களுக்கு அறிவிப்புகளைக் காட்ட விரும்புகிறது' என்ற சிறு பெட்டி எட்டிப்பார்த்த மறுகணமே, அது எந்தத் தளம், எதைப் பற்றி அறிவிக்கப்போகிறது, நாளொன்றுக்கு எத்தனை முறை அறிவிக்கும் என்ற கேள்வி எதுவும் எழாமல் 'அனுமதி' என்ற பொத்தானை அழுத்திவிடும் ஓய்வுபெற்ற அலுவலர் குடும்பத்துக்கு ஒருவராவது உண்டு என்பதும், அவருடைய கணினியைச் சரிசெய்து தரும் கடமை அக்குடும்பத்தில் கணினி படித்த ஏதோ ஒரு தங்கை மகனின் தலையில் விழும் என்பதும் சான்று தேவைப்படாதவை. கணினிக்கு வைரஸ் வந்துவிட்டதாக ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும் தொலைபேசி அழைப்புகளில் பல, வைரஸ் பற்றியவை அல்ல; இவர் வழங்கிய அனுமதிகள் பற்றியவை.

இவரை இளகிய மனம் படைத்தவர் என்று எண்ணிவிடக் கூடாது. இவர் கண்காணிப்பாளர் நாற்காலியில் அமர்ந்திருந்த காலத்தில், இவருடைய பிரிவின் இளநிலை உதவியாளர் எவரும் தீபாவளிக்கு விண்ணப்பித்த பண்டிகை முன்பணத்தைப் பொங்கலுக்கு முன்பு கண்ணால் கண்டதில்லை. ஈட்டிய விடுப்புக் கோரிய கோப்பு, இணைப்பு இல்லை என்று ஒருமுறையும், இணைப்பில் நாள் குறிக்கப்படவில்லை என்று மறுமுறையும், குறித்த நாள் அடித்துத் திருத்தப்பட்டிருக்கிறது என்று மூன்றாம் முறையும் திரும்பி, இறுதியில் 'பேசுக' என்ற ஒற்றைச் சொல்லைச் சுமந்துகொண்டு மேசையிலேயே படுத்துவிடும். பேச வந்தவரிடம் பேசுவதற்கு இவருக்கு நேரம் இருக்காது. அப்படிப்பட்டவர், பெயரைக்கூட முழுதாகப் படித்திராத ஓர் இணையதளத்துக்கு, விண்ணப்பமும் இணைப்பும் பரிந்துரையும் இல்லாமல், தமது திரையின் வலது கீழ்மூலையைக் காலவரையறையின்றி எழுதிக் கொடுத்துவிடுவதற்கு எந்த அரசாணையிலும் விளக்கம் கிடைக்காது.

புஷ் அறிவிப்பு எனப்படுவது, பயனர் ஒரு தளத்தைத் தேடிப் போகாதபோதும் அத்தளமே அவரைத் தேடி வந்து திரையில் காட்டும் சிறு செய்தி ஆகும். ஆப்பிள் நிறுவனத்தின் சஃபாரி உலாவி 2013இலேயே மேக் கணினிகளில் இதற்கு வழிவிட்டிருந்தாலும், 2015 ஏப்ரலில் குரோமின் 42ஆம் பதிப்பும், 2016 ஜனவரியில் ஃபயர்பாக்ஸின் 44ஆம் பதிப்பும் வந்த பிறகே இது சமையல் குறிப்புத் தளம் வரைக்கும் பரவியது. 'சர்வீஸ் ஒர்க்கர்' என்று அழைக்கப்படும் ஒரு சிறு நிரலைத் தளம் உலாவியிடம் பதிந்து வைக்கிறது. செய்தி வரும்போதெல்லாம் உலாவி அந்நிரலைத் தட்டி எழுப்பி, அறிவிப்பைக் காட்டச் செய்கிறது. இதற்குத் தளம் திறந்திருக்க வேண்டிய தேவை இல்லை என்பதால், மதிய உறக்கம் கெட்ட மனைவி எழுந்து வந்து, "இந்த எழவை மூடித் தொலைங்களேன்" என்று சொல்லித் தாமே மூடிய தாவல்கள் அனைத்தும் வீணாய் மூடப்பட்டவையே. தாவலை மூடுவது தளத்தை விட்டு வெளியேறுவது மட்டுமே. வழங்கிய அனுமதியை விலக்கிக்கொள்வது வேறொரு நடவடிக்கை, அதற்கான இடமும் வேறு.

இவருடைய அரிய இயல்பை அளக்க ஒரு புள்ளிவிவரம் உண்டு. ஃபயர்பாக்ஸ் உலாவியை வெளியிடும் மொசில்லா 2019இல் தெரிவித்தபடி, அவ்வுலாவியில் காட்டப்பட்ட அறிவிப்புக் கோரிக்கைகளில் ஏறத்தாழ 99 விழுக்காடு ஏற்கப்படவே இல்லை. 48 விழுக்காட்டைப் பயனர்கள் வெளிப்படையாகவே மறுத்தனர். உலகமே முகத்தைத் திருப்பிக்கொண்ட இத்தொழில் எஞ்சிய ஒரு விழுக்காட்டை நம்பி நடக்கிறது என்றால், அந்த ஒரு விழுக்காட்டில் கணிசமான பங்கு இவருடைய கூடத்தில் இருக்கும் பழைய கணினியிலிருந்தே வந்திருக்க வேண்டும் என்று அவருடைய தங்கை மகன் நம்புவதில் வியப்பில்லை. வெறுப்பின் அளவை அறிந்துகொண்ட மொசில்லா, 2020 ஜனவரியில் வெளியான 72ஆம் பதிப்பிலிருந்து, பயனர் பக்கத்தில் எதையாவது சொடுக்கும் வரை அக்கோரிக்கையை ஒரு சிறு குறியாக ஒடுக்கி ஓரத்தில் நிறுத்திவிட்டது. குரோமும் அடுத்த மாதமே அமைதியான கோரிக்கைமுறை ஒன்றை அறிமுகப்படுத்தியது. பெட்டியை மூன்று முறை பதில் சொல்லாமல் மூடிவிட்டால், அத்தளத்தைச் சிறிது காலம் கேட்கவிடாமல் தடுத்துவைக்கும் ஏற்பாடும் குரோமில் உண்டு. மறுப்பவர்களையும் மௌனம் சாதிப்பவர்களையும் மனத்தில் வைத்துச் செய்யப்பட்ட இத்தனை பாதுகாப்பும், முதல் முறையிலேயே சம்மதம் தெரிவித்துவிடும் இவருக்குக் கடுகளவும் பயன்படவில்லை.

ஆயினும் தவறு முழுவதையும் இவர்மீது சுமத்துவது நியாயமாகாது. உலாவி காட்டும் பெட்டியில் ஒருமுறை 'தடு' என்று அழுத்திவிட்டால், பயனர் தாமாக அமைப்பை மாற்றும் வரை அத்தளம் மீண்டும் கேட்க முடியாது. இதை அறிந்த தளங்கள், உலாவியின் பெட்டிக்கு முன்பாகத் தாமே வரைந்த வேறொரு பெட்டியைக் காட்டி, அதில் 'சரி' என்றும் 'பிறகு' என்றும் இரண்டே பொத்தான்களை வைக்கின்றன. 'வேண்டாம்' என்ற பொத்தான் அங்கே இருக்காது. பிறகு என்றவரிடம் நாளைக்கு மீண்டும் கேட்கலாம், நாளன்றைக்கும் கேட்கலாம், சரி என்றவரை மட்டும் உலாவியின் உண்மையான பெட்டிக்கு அனுப்பலாம் என்பதே இதன் உள்நோக்கம். செய்தி படிக்க வந்த மனிதரை வாசலில் மறித்து, இல்லை என்று சொல்லும் வாய்ப்பையே ஒளித்துவைக்கும் இந்த ஏற்பாடு வெறும் தந்திரம். இதற்குப் 'பயனர் ஈடுபாடு' என்று மரியாதையான பெயர் சூட்டித் திரிபவர்களைவிட, ஏமாந்து அழுத்தும் கண்காணிப்பாளர் எவ்வளவோ மேல்.

இதனினும் கீழான வகை ஒன்று உண்டு. திரைப்படம் பார்க்கவோ படிவம் பதிவிறக்கவோ போன இடத்தில் வெற்றுப் பக்கம் ஒன்று தோன்றி, 'நீங்கள் எந்திரம் அல்ல என்பதை நிரூபிக்க அனுமதி என்பதை அழுத்துங்கள்' என்று கேட்கும். மனிதரா எந்திரமா என்று அறியும் உண்மையான சோதனைக்கு அறிவிப்பு அனுமதி தேவையே இல்லை. இது அந்தப் பொத்தானை அழுத்தவைப்பதற்காகச் சொல்லப்படும் பொய். ஆனால் ஆண்டுதோறும் கருவூலத்தின் படியேறித் தாம் உயிரோடு இருப்பதைச் சான்றுடன் நிரூபித்துப் பழகிய ஓய்வூதியருக்கு, தாம் எந்திரம் அல்ல என்பதையும் கூடுதலாக நிரூபித்து வைப்பதில் என்ன தடை இருக்க முடியும்? அழுத்துகிறார், அன்று மாலையிலிருந்து, கணினியில் ஐந்து வைரஸ்கள் இருப்பதாகவும் உடனே சொடுக்கிச் சுத்தம் செய்ய வேண்டும் என்றும் சிவப்பு எழுத்தில் அறிவிப்புகள் வரத் தொடங்குகின்றன. அந்த வைரஸ் செய்திகளும் இவருடைய அனுமதி பெற்றே வருகின்றன என்பதை எடுத்துச் சொன்னால், தாம் அப்படி எதையும் ஒப்பளிப்புச் செய்யவில்லை என்று மறுப்பார்.

வரும் அறிவிப்புகளை உரக்கப் படித்துக்காட்டுவது, தங்கம் கிராமுக்கு எவ்வளவு ஏறியது என்பதை விருந்தினரின் வாயில் இட்லி இருக்கும்போது சொல்வது முதலியன இவருடைய சிறு பழக்கங்கள்; பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, அனுமதிகளை விலக்கும் பணி தொடங்கியதும் இவர் பக்கத்தில் நாற்காலி போட்டு அமர்ந்துகொள்வது.

குரோமில் இதற்கான வழி நேரானது: மேல் வலது மூலையின் மூன்று புள்ளிகளைச் சொடுக்கி, அமைப்புகளுக்குள் நுழைந்து, தனியுரிமையும் பாதுகாப்பும் என்ற பகுதியில் தள அமைப்புகளைத் திறந்து, அறிவிப்புகள் என்பதைத் தேர்ந்தால், இதுவரை அனுமதி பெற்ற தளங்கள் அனைத்தும் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பெயரின் பக்கத்திலும் உள்ள மூன்று புள்ளிகளில் 'தடு', 'அகற்று' என்ற இரண்டும் கிடைக்கும். அகற்றினால் தளத்தின் பெயர் பட்டியலிலிருந்து நீங்குமே தவிர, அடுத்த முறை போகும்போது அது மறுபடியும் கேட்கலாம். தடுத்தால் கேட்கவே முடியாது. இவரைப் போன்றவரின் கணினியில் அகற்றுவது, ஆற்று மணலை அள்ளி ஆற்றிலேயே கொட்டுவதற்கு ஒப்பாகும் என்பதால், விவரம் அறிந்த தங்கை மகன் தடுப்பதையே தேர்வான்.

அங்கேதான் பழைய கண்காணிப்பாளர் உயிர்த்தெழுகிறார். அரை நொடியில் வழங்கிய அனுமதியை விலக்குவதற்குக் காரணம் கேட்கிறார். காரணத்துக்கு ஆதாரம் கேட்கிறார். ராசிபலன் தளத்தில் சொடுக்கி நிற்கும்போது, "அதை விடுடா, உங்க அத்தை பார்ப்பா" என்கிறார். இன்றுவரை அத்தை அக்கணினியைத் தொட்டது தாவல்களை மூடுவதற்கு மட்டும்தான். நிலத்தின் வழிகாட்டி மதிப்பைச் சொல்வதாக அரசுத் தளத்தின் சாயலில் நடிக்கும் ஒன்றைத் தடுக்கப்போனால், பத்திரப்பதிவு வேலை நிலுவையில் இருப்பதாக நினைவூட்டுகிறார். ஊறுகாய்க் குறிப்புத் தளம், ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு மூடப்பட்ட வரன் தேடும் தளம், எழுத்தும் எண்ணும் கலந்து வாயில் நுழையாத பெயர் கொண்ட இன்னொன்று என ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு குறிப்புரை இருக்கிறது. கடைசியில் சொன்னதைப் பற்றி, "இது என்ன மாமா, பேரே இல்லையே?" என்று கேட்டால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், ஒரு நாளைக்கு உதவும்" என்று முடிக்கிறார். மதிய உணவுக்கு அழைப்பு வரும்போது பட்டியலில் எட்டுக்கு மேல் குறைந்திருக்காது; மிச்சத்தின் மீது எழுதப்படாத 'பேசுக' ஒன்று கிடக்கும்.

உலாவிகளை உருவாக்குவோர் இவரிடம் கேட்காமலே களையெடுக்க முயன்றதும் உண்டு. நெடுநாள் போகாத தளங்களின் அனுமதிகளைக் குரோமின் பாதுகாப்புச் சரிபார்ப்பு 2024 முதல் தானாகவே இயங்கி நீக்கிவருகிறது. ஓயாமல் அறிவித்தும் பயனர் சீண்டாத தளங்களின் அறிவிப்பு உரிமையைப் பறிப்பதாகவும் கூகுள் 2025இல் அறிவித்தது. குற்றச்சாட்டைச் சொல்லும் 17(ஆ) குறிப்பாணைகூட வழங்காமல், விளக்கமும் கோராமல் ஒரு தளத்தை நீக்குவது இயற்கை நீதிக்கு முரணானது என்பது இவருடைய கருத்து. ஆனால் இவர் வருந்த வேண்டியதே இல்லை: வரும் அறிவிப்பு ஒவ்வொன்றையும் தவறாமல் சொடுக்கிப் பார்த்துவிடுவதால், இவருக்கு அத்தளங்கள் அனைத்தின் மீதும் தணியாத ஆர்வம் இருப்பதாகவே உலாவி கணக்கில் எழுதிக்கொள்கிறது.

பொறுமை இழந்த தங்கை மகன் ஒருநாள், இவர் பல் துலக்கப் போயிருந்த இடைவெளியில், பட்டியலில் எஞ்சியிருந்த தளங்களையெல்லாம் தடுத்துவிட்டு, அதே அமைப்புப் பக்கத்தின் மேற்பகுதியில் உள்ள இயல்புநிலைத் தேர்வை மாற்றி, அறிவிப்பு அனுப்ப எந்தத் தளமும் கேட்கவே கூடாது என்று வைத்துவிட்டான். ஃபயர்பாக்ஸிலும் இதற்கு நிகராக, புதிய கோரிக்கைகளைத் தடுக்கும் ஒரு கட்டம் உண்டு. வீடு அமைதியானது, அத்தை மூன்று மணி வரை உறங்கினார். இரண்டு வாரம் கழித்து இவர் தொலைபேசியில் அழைத்தபோது, தங்கம் விலை வரவில்லை என்று குறைப்படவில்லை, "இப்பல்லாம் எதுவும் நம்மகிட்ட கேட்கிறதே இல்லையே, கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சா?" என்றார். மகன் வெளியூரில் வீடு வாங்கியதைக் கிரகப்பிரவேசப் பத்திரிகையைப் பார்த்து அறிந்தவர் அவர் என்பதும், வீட்டில் எண்ணெய் மாற்றுவது முதல் பேத்தியைப் பள்ளி மாற்றுவது வரை எதிலும் அவருடைய ஒப்பத்துக்கு இப்போது வேலை இல்லை என்பதும் தங்கை மகனுக்குத் தெரியாதவை அல்ல.

எனவே அவன் மறுவாரமே வந்து, தளங்கள் கேட்கலாம் என்ற பழைய நிலையைக் குரோமில் மீட்டுத் தந்துவிட்டு, விண்டோஸின் சொந்த அமைப்புகளுக்குள் போய், சிஸ்டம் என்ற பிரிவின் கீழுள்ள அறிவிப்புகளில் குரோமின் பெயருக்கு நேராக இருந்த விசையை மட்டும் அணைத்தான். அதன்பின் கோரிக்கைகள் வழக்கம்போல் வருகின்றன, இவரும் வழக்கம்போல் ஒவ்வொன்றுக்கும் அனுமதி வழங்குகிறார், பட்டியலும் நீள்கிறது. அறிவிப்பு மட்டும் ஒன்றுகூடத் திரையை எட்டுவதில்லை. ஒப்பளிப்பு ஆணை உண்டு, நிதி ஒதுக்கீடு இல்லை என்ற நிலை, முப்பது ஆண்டுக்கு மேல் அரசுப் பணியில் இருந்தவருக்கு ஐயத்தைத் தரவில்லை.