ஆனை தின்ன கரும்புக்கு வேலி எதுக்கு மாப்ளே?

வா மாப்ளே, உக்காரு. டீயில மூணு ஸ்பூன் சக்கரை போடச் சொல்லவா, நாலு போடச் சொல்லவா? உங்கப்பனுக்குச் சக்கரை, உங்க அத்தைக்கும் சக்கரை. நீ மட்டும் "எனக்கென்ன மாமா, கல்லு மாதிரி இருக்கேன்"னு நெஞ்ச நிமித்துறே. ஒரு தடவையாவது சோதிச்சுப் பாத்தியாடான்னா, நோவு இல்லாதவன் எதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும்ங்கறே.

ஆனை திரியற கௌண்டின்யா காட்டோரம் கொல்லை வச்சிருக்கறவன் பேசற பேச்சா இது? காட்டை ஒட்டிக் கரும்பே வைக்காம இருக்கலாம். வச்சுட்டியா, பள்ளம் வெட்டு. பள்ளத்தையும் தாண்டுச்சா, பரண்ல முழிச்சிருந்து மொத சத்தத்துலயே பட்டாசு வெடி. அதையும் கோட்டை விட்டவன் மிதிபட்டது போக மிச்சத்தைக் கட்டிக் காக்கணும். டாக்டருங்க நோய்த்தடுப்பைப் படிப்படியாப் பிரிச்சிருக்கறதும் இதேதான். நீ மட்டும் ஆனை ஏப்பம் விட்டப்புறம் கடப்பாரை தேடறே.

மாமன் அளக்கறான்னு சிரிக்காதே. சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரனும் அவரோட ஆளுங்களும் 2006லயே கணக்குக் காட்டிட்டாங்க. குளுக்கோஸ் தண்ணி குடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாத்தா 140க்கு மேல, 200க்குக் கீழ. நோயாளியும் இல்ல, நல்லவனும் இல்ல. அப்படி 531 பேரு, மூணு வருஷம். சும்மா விட்டவங்கள்ல நூத்துக்கு 55 பேருக்குச் சக்கரை வந்துடுச்சு. தினம் அரை மணி நடந்து, வாயக் கட்டினவங்கள்ல 39 பேருக்குத்தான். மெட்பார்மின் மாத்திரை மட்டும் போட்டவங்களுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்கு. ரெண்டையும் சேத்துச் செஞ்சவங்களுக்குக் கூடுதலா ஒண்ணும் கெடைக்கல. நீ மாத்திரைதான் கேப்பேன்னு தெரியும். நடக்கறதுக்கு மெடிக்கல் ஷாப்புல பில் போட மாட்டானே!

"நடந்தும் 39 பேருக்கு வந்துச்சே"ன்னு மடக்குவே. வரும்டா. அதுக்குத்தான் பரண். 30 வயசு தாண்டினவங்களுக்குச் சக்கரையும் பிபியும் காசில்லாமப் பாக்கச் சொல்லி அரசாங்கத் திட்டமே இருக்கு. வந்துட்டாலும் தினம் உள்ளங்காலைப் பாத்து, வருஷத்துக்கு ஒருக்கா கண்ணைக் காட்டினா காலும் கண்ணும் தப்பும். உங்க அத்தை கால் புண்ணுக்கு மஞ்சளை அப்பிக்கிட்டுக் காத்திருந்து என்ன ஆச்சு, உனக்கே தெரியும்.

நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் குடு. பொண்டாட்டியையும் கூட்டிட்டுப் போ, அவளுக்கும் முப்பது தாண்டிடுச்சு.