முப்பது வருஷமாக விழவில்லையே!

பிரிட்டிஷ் விமானப்படையிடம் நிம்ராட் என்று ஒரு விமானம் இருந்தது. பைபிளில் வரும் மகா வேட்டைக்காரனின் பெயர். கடலுக்கு மேல் தாழப் பறந்து ரஷ்ய நீர்மூழ்கிகளைத் தேடுவது அதன் வேலை. பெயர்தான் வேட்டைக்காரன், ஆள் பழைய ஆள். 1949 இல் முதன்முதலில் பறந்த காமெட் பயணிகள் விமானத்தைத்தான் மாற்றிக் கட்டியிருந்தார்கள். அந்தக் காமெட்டில் இரண்டு 1954 இல் அடுத்தடுத்து நடுவானில் சிதறின. வியாபாரம் படுத்தது. விலைபோகாமல் நின்ற இரண்டு காமெட்களுக்கு அடிவயிற்றில் குண்டு அறையும் வாலில் ஒரு நீளக் கொம்பும் வைத்து, 1967 இல் போர் விமானம் என்று பறக்கவிட்டார்கள். ஷோரூமில் தூசி படிந்த வண்டிக்குச் சாம்பல் பெயின்ட்.

சரி, ஏழைக்கேற்ற எள்ளுருண்டை என்று விட்டுவிடலாம். விட முடியாதது உள்ளே ஓடிய குழாய்.

நிம்ராட்டின் நான்கு இன்ஜின்களும் இறக்கையின் வேருக்குள் புதைந்திருந்தன. சுற்றிலும் எரிபொருள் தொட்டிகள். ரோந்தில் எண்ணெயை மிச்சம் பிடிக்க ஓரிரு இன்ஜின்களை நிறுத்திவிடுவார்கள். திரும்பக் கிளப்ப, ஓடும் இன்ஜினிலிருந்து சூடான காற்றைக் கொண்டுபோக ஒரு குழாய். சூடென்றால் சுமார் நானூறு டிகிரி வரை. 1979 இல் கருவிகள் பெருகின, உள்ளே வெக்கை. குளிரூட்ட ஒரு பெட்டியை வைத்து, அதற்காக அந்தக் குழாயில் ஒரு கிளையை இழுத்தார்கள். 1982 இல் ஃபாக்லாந்து யுத்தம் வந்தது. நடுவானில் எண்ணெய் நிரப்பும் வசதியை அவசர அவசரமாகப் பொருத்தினார்கள். யுத்தம் முடிந்தது. அவசர ஒட்டு அப்படியே நிரந்தரமாகிவிட்டது.

மூன்று தலைமுறை ஒட்டுவேலைகளும் ஒரே மூலையில் வந்து சேர்ந்தன. ஏழாம் எண் தொட்டியை ஒட்டிய ஒரு சந்து. கசியும் எண்ணெய் போய்த் தேங்க அங்கே இடமுண்டு, பற்றவைக்கச் சூட்டுக் குழாய் உண்டு. தீயைச் சொல்லும் மணி கிடையாது. அணைக்கும் கருவி கிடையாது. பறக்கும்போது ஒரு மனிதக் கை அங்கே எட்டாது. அடுப்புக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் டின்னை வைத்தால் நம் வீட்டுப் பாட்டி முதுகில் ஒன்று வைப்பாள். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகத்தில் பாட்டிகளுக்கு இடமில்லை போலும்.

2006 செப்டம்பர் 2. கடலே இல்லாத ஆப்கானிஸ்தானில், ஒரு கடல் ரோந்து விமானம், காந்தஹாருக்கு மேல், தரையில் நடக்கும் சண்டையைக் கண்காணித்துக்கொண்டிருந்தது. எக்ஸ்.வி.230. 1969 இல் படையில் சேர்ந்த முதல் நிம்ராட். நடுவானில் எண்ணெய் நிரப்பிய கொஞ்ச நேரத்தில் எச்சரிக்கை ஒலித்தது. குண்டு அறையில் தீ என்றார்கள், புகை என்றார்கள். எரிவது எங்கே என்று அவர்களால் பார்க்கவே முடியாது. காந்தஹார் ஓடுதளத்தை நோக்கித் திருப்பினார்கள். சில நிமிடம். ஓடுதளம் வரவில்லை. பதினான்கு பேர்.

இப்போது எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றின் கதைக்கு வருவோம். லாரிக்கு எஃப்.சி. எப்படி வாங்குகிறோம் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். அதே வேலையை அங்கே கோட்டு சூட்டோடு செய்தார்கள். விபத்துக்கு முன்பு, 2001 முதல் 2005 வரை, இந்த விமானம் பத்திரமானதா என்று ஒரு பெரிய கோப்பு தயாரானது. எழுதியது விமான நிறுவனமான பிஏஇ சிஸ்டம்ஸ். சரிபார்க்க வேண்டிய தனி ஆலோசகர் கினெட்டிக். கையெழுத்திட வேண்டியது அமைச்சகம். பிறகு வழக்கறிஞர் சார்லஸ் ஹாடன்-கேவ் விசாரித்து, 2009 அக்டோபரில் அறிக்கை கொடுத்தபோதுதான் வண்டவாளம் வெளியே வந்தது. பட்டியலிட்ட ஆபத்துகளில் நாற்பது சதவீதத்துக்கு மேல் 'இன்னும் முடிக்கப்படவில்லை'. முப்பது சதவீதத்துக்கு மேல் வகைப்படுத்தவே இல்லை. வேலை முடிந்தது என்று கொடுத்தாகிவிட்டது. ஆலோசகர் அந்த அறிக்கைகளைப் படிக்காமலே தலையாட்டியாகிவிட்டது. எண்ணெய்க் கசிவுக்கு வாய்ப்பு? 'அபூர்வம்' என்று எழுதியிருந்தார்கள். அந்த அபூர்வம் ஆண்டுக்குச் சுமார் நாற்பது முறை நடந்துகொண்டிருந்தது. 2004 இல் இன்னொரு நிம்ராட்டில் அந்தச் சூட்டுக் குழாயே உடைந்தது. அந்தச் செய்தியும் ஏதோ ஒரு கோப்புக்குள் அடங்கிப்போனது.

எல்லார் மனதிலும் ஒரே வேதம்: முப்பது வருஷமாகப் பறக்கிறதே, விழவில்லையே! மாடியிலிருந்து குதித்தவன் மூன்றாம் மாடியைத் தாண்டும்போதும் இதைத்தான் சொல்லியிருப்பான். இதற்கிடையில் மேலிடத்திலிருந்து செலவில் இருபது சதவீதம் வெட்டு என்று இலக்கு வேறு. மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று அமைச்சகத்தைக் கேளுங்கள், பைசா சுத்தமாகச் சொல்வார்கள்.

2008 இல் மரண விசாரணை அதிகாரி, இது ஒருநாளும் பறக்கத் தகுதியான விமானமாக இருந்ததில்லை, நிறுத்துங்கள் என்றார். அமைச்சர் நிறுத்தவில்லை. 2010 மார்ச் வரை பறந்தது. சிறைக்குப் போனது யாரும் இல்லை.

வாரிசை உருவாக்கிய கூத்து இன்னும் அழகு. 1996 இல் ஒப்பந்தம். புது விமானம் வேண்டாம், அதே கிழட்டு உடலுக்குப் புது இறக்கை, புது இன்ஜின். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் இலவசமாகச் சொல்லியிருப்பார்கள். அறுபதுகளில் கையால் அடித்துக் கட்டிய உடல்கள் ஒன்றைப்போல ஒன்று இல்லை. கம்ப்யூட்டரில் அளந்து செய்த இறக்கை பொருந்துமா? தையற்காரனுக்குத் தெரியும், கிழவரின் சட்டையை அளவெடுக்காமல் தைக்கக்கூடாது என்று. 21 விமானம் என்றார்கள். 18 ஆனது, 16 ஆனது, 12 ஆனது, கடைசியில் 9. நாளும் 2003 இலிருந்து 2012 க்குத் தள்ளிப்போனது. 2010 அக்டோபரில் ஒன்பதும் வேண்டாம் என்றார்கள். அதற்குள் சுமார் 340 கோடி பவுண்டு காலி. 2011 தொடக்கத்தில் வுட்ஃபோர்டு தொழிற்சாலையில் மறைப்பு கட்டி, உள்ளே வைத்து நொறுக்கினார்கள். கட்டியபோது மறைக்காதவர்கள், உடைக்கும்போது மறைத்தார்கள்.

கடல் சூழ்ந்த நாட்டுக்குக் கடலைப் பார்க்க ஒரு விமானம் இல்லாமல் போனது. 2014 இல் ஸ்காட்லாந்துக் கடலில் ஏதோ நீர்மூழ்கி நடமாட்டம் என்று சந்தேகம் வந்தபோது பிரான்ஸ், கனடா, அமெரிக்க விமானங்கள் வந்து தேடிக் கொடுத்தன. அந்த நேரம் நம் அரக்கோணத்தில் இந்தியக் கடற்படையின் பி-8 கடல் ரோந்து விமானங்கள் வந்து ஒரு வருஷம் தாண்டியிருந்தது.

பிறகு பிரிட்டனும் பி-8 வாங்கியது, 2020 இலிருந்து ஒவ்வொன்றாக வந்தன. எத்தனை? ஒன்பது. ரத்து செய்த அதே ஒன்பது. அதுவும் போயிங் 737 என்ற பயணிகள் விமானத்தின் பிள்ளை. 737 முதன்முதலில் பறந்தது எந்த வருஷம் தெரியுமா? 1967. நிம்ராட் பறந்த அதே வருஷம்.

இன்னொன்று. பி-8 இல் நடுவானில் எண்ணெய் நிரப்ப வசதி உண்டு. விறைப்பான கம்பியிலிருந்து வாங்கும். பிரிட்டிஷ் விமானப்படையின் எண்ணெய் விமானங்களில் தொங்குவது நெளியும் ரப்பர் குழாய். இரண்டும் சேராது. எண்ணெய் வேண்டுமென்றால் அடுத்த நாட்டுக்காரனைத்தான் கூப்பிட வேண்டும்.