வேண்டாம் சித்தப்பா

ஆயுள் காப்பீட்டுப் பாலிசியை யாரும் கடைத்தெருவுக்குப் போய் வாங்கி வருவதில்லை. பாலிசிதான் வீடு தேடி வரும். பணி ஓய்வு பெற்றதும் ஏஜென்சி எடுத்த கணக்கு வாத்தியாராக வரும்; கிரகப்பிரவேசத்தில் பந்திக்குக் காத்திருக்கும்போது பக்கத்து நாற்காலியில் வந்து உட்காரும்; வங்கியில் லாக்கர் கேட்டவருக்குச் சாவிக்கு முன்னால் வந்து சேரும். பெரும்பாலும் மார்ச் மாதக் கடைசியில், டார்கெட்டுக்கு இரண்டே இரண்டு பாலிசி குறைகிற ஒரு சித்தப்பாவாக வரும். "போட்டு வைப்பா, கெட்டாப் போயிடும்?" என்று அவர் கேட்கும் நேரம் பார்த்துச் சமையலறையிலிருந்து காபி வரும். காபி ஆறுவதற்குள், அவர் பென்சிலில் பெருக்கல் குறி போட்டுக் கொடுத்த இடங்களிலெல்லாம் கையெழுத்து விழுந்திருக்கும். இப்படித்தான் நடக்கும் என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர்களுக்கும் சித்தப்பாக்கள் உண்டு. அதனால்தான் பாலிசிப் பத்திரம் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாளுக்குள் அதைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம் என்று எழுதி வைத்தார்கள். அந்த உரிமையை நம்மில் மிகச் சிலரே பயன்படுத்துகிறோம். அறியாமை பாதிக் காரணம். மீதிப் பாதி முகதாட்சண்யம். அதற்கு நாம் கொடுக்கும் விலையைக் கணக்குப் போட்டுப் பார்த்தால், முப்பது நாளுக்குள் "வேண்டாம் சித்தப்பா" என்று சொல்வதுதான் அவருக்குச் செய்கிற மரியாதையும்கூட என்பது என் கட்சி.

முதலில் சட்டம். ஃப்ரீ லுக் எனப்படும் இந்தத் திருப்பித் தரும் காலம் 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் 15 நாளாக இருந்தது. 2017-இல் மின்னணுப் பாலிசிகளுக்கும், நேரில் பார்க்காமல் தொலைபேசி, இணையம் வழியே விற்கப்பட்டவற்றுக்கும் 30 நாள் ஆனது. 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. எல்லாருக்கும் 30 நாள் என்று சமப்படுத்திவிட்டது. ஓராண்டுக்கும் குறைந்த காலப் பாலிசிகளுக்கு மட்டும் இது கிடையாது. நாள் கணக்கு பத்திரம் கையில் கிடைத்த தேதியிலிருந்து தொடங்குகிறது. கையெழுத்திட்ட தேதியையோ பணம் கட்டிய தேதியையோ வைத்து யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். திருப்பித் தரும்போது பிடிக்கும் தொகை மூன்று வகை: பாதுகாப்பு இருந்த நாட்களுக்கான ரிஸ்க் பிரீமியம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைத் தீர்வை. முப்பது வயதுக்காரர் ஒருவர், 10 லட்ச ரூபாய்க்கு, வருடம் 50,000 ரூபாய் கட்டும், சேமிப்பும் கலந்த எண்டோமென்ட் பாலிசியை இருபதாம் நாள் திருப்பித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதில் ஓராண்டில் இறப்பவர்கள் ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஒருவர் என்பது காப்பீட்டுக்காரர்களின் இறப்பு அட்டவணை. ஆக, 10 லட்சத்துக்கு வருட ரிஸ்க் சுமார் 1,000 ரூபாய். இருபது நாளுக்கு 55 ரூபாய். முத்திரைத் தீர்வை ஆயிரத்துக்கு 20 காசு வீதம் 200 ரூபாய். இது 1899-ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தின் கைங்கரியம். வெள்ளைக்காரன் போய்விட்டான், முத்திரை இருக்கிறது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்காதவரை, மொத்தச் சேதம் 255 ரூபாய். மீதி விண்ணப்பம் கிடைத்த 7 நாளுக்குள் வந்துவிட வேண்டும். தாமதித்தால் நிறுவனம் வட்டியும் சேர்த்துத் தர வேண்டும். சந்தையில் முதலீடு செய்யும் யூலிப் என்றால் அன்றைய யூனிட் விலைப்படி கொஞ்சம் கூடும், குறையும்.

முப்பத்தோராம் நாள் உலகமே வேறு. இனி வெளியேறும் வாசலுக்கு சரண்டர் என்று பெயர். நெடுங்காலம் இருந்த குறைந்தபட்ச விதி, இரண்டு வருடம் கட்டியவருக்குக் கட்டியதில் 30 சதவீதம், மூன்று வருடத்துக்கு 35, நான்கிலிருந்து ஏழு வருடம் வரை 50. நம் முப்பது வயதுக்காரர் இரண்டு வருடம் லட்ச ரூபாய் கட்டிவிட்டு விழித்துக்கொண்டால் கையில் வருவது 30,000 ரூபாயும் போனஸில் ஏதோ சில்லறையும். 2024 அக்டோபர் 1 முதல் நிலைமை கொஞ்சம் மேல்; முதல் வருடப் பிரீமியம் முழுதும் கட்டியிருந்தால் ஓராண்டு முடிந்ததுமே சிறப்பு சரண்டர் மதிப்பு உண்டு. அதிலும் கட்டியது முழுதாக வராது. எனவே பழைய கணக்கில் முகதாட்சண்யத்தின் சந்தை விலை ஏறத்தாழ 70,000 ரூபாய். சரண்டரே செய்யாமல் கடைசிவரை கட்டினால்? அப்போது விலை இன்னும் அதிகம், ஆனால் இருபது வருடத்தில் பரப்பித் தடவியிருப்பதால் எரிச்சல் தெரியாது. ஏஜென்ட் காட்டும் பலன் அட்டவணையில் 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு பத்திகள் இருக்கும். அவை வெறும் அனுமானங்கள்; அதுவும் செலவுகளைக் கழிப்பதற்கு முந்தையவை. ஆனால் சித்தப்பாவின் பேனா 8 சதவீதப் பத்தியை விட்டு ஓர் அங்குலம் நகராது. 4 சதவீதப் பத்தியைத் தாள் மடிப்போ காபி டம்ளரோ மறைத்துக்கொண்டிருக்கும்.

சித்தப்பா வயிற்றில் அடிக்கலாமா என்று ஒரு கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். 1956 செப்டம்பர் 1-ஆம் தேதி 245 நிறுவனங்களையும் சங்கங்களையும் சேர்த்து எல்.ஐ.சி. உருவான நாளிலிருந்து, சைக்கிளில் ரெக்சின் பையை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகக் காப்பீட்டைக் கொண்டுபோனவர்கள் இவரைப் போன்றவர்கள்தான். அவர்களுக்கு இருந்த சிரமம் சாதாரணமானதல்ல. விற்கிற சரக்கின் பெயரையே வீட்டுக்குள் உச்சரிக்க முடியாது. "நீங்க செத்துப்போனா" என்று நடுக்கூடத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தால், முடிக்கும்போது தெருவில் இருப்பார்கள். எனவே சாவை மறைத்து, "பாப்பா கல்யாணத்துக்கு ஆகும்" என்று விற்கப் பழகினார்கள். நாமும் அப்படியே வாங்கப் பழகினோம். சாவுக்கான பாதுகாப்பு கொஞ்சம், சேமிப்பு கொஞ்சம், இரண்டுமே போதாத அளவில் கலந்த சரக்கு நம் பீரோக்களை நிரப்பியதற்கு அவர் பேராசையைவிட நம் சகுன பயம் பெரிய காரணம். இருந்தாலும் கமிஷன் கணக்கைப் பார்க்காமல் விட முடியாது. முதல் வருடப் பிரீமியத்தில் 35 சதவீதம் வரை என்பது பல பத்தாண்டுகள் நீடித்த சட்ட உச்சவரம்பு. 2023-க்குப் பிறகு அந்தந்த நிறுவனமே நிர்ணயிக்கிறது. பழைய உச்சவரம்பை வைத்தாலே 50,000 ரூபாய்க்கு 17,500. பாலிசி ரத்தானால் அதை நிறுவனம் அவரிடமிருந்து திரும்பப் பிடித்துக்கொள்ளும், உண்மை. சித்தப்பாவுக்கு 17,500 ரூபாய் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் நம் உள்ளன்பு என்றால், 17,501 ஆக மொய் எழுதிவிடலாமே! இருபது வருடம் ஐம்பதாயிரம் ஐம்பதாயிரமாகக் கட்டுவதைவிட அது மலிவு. கல்யாண வீட்டில் அவரைக் கண்டதும் தூண் மறைவைத் தேடவும் வேண்டாம். "முதல் டியூவை நானே கட்டிடறேன்" என்று அவர் சொல்லியிருந்தால் சிக்கல் வேறு மாதிரி. 1938-ஆம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 41-ஆம் பிரிவுப்படி அப்படிக் கொடுப்பதும் தப்பு, வாங்குவதும் தப்பு. அபராதம் 10 லட்சம் ரூபாய் வரை போகலாம். போதாக்குறைக்கு, ரத்து செய்தால் அவர் பணம் நம் கணக்கில் வந்து விழும். இந்த ஓர் இடத்தில் சட்டம், குடும்பம் இரண்டுமே நமக்கு எதிராக நிற்கும்; காபியோடு அவரை அனுப்பிவைத்திருக்க வேண்டிய இடம் அது.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பின்வாங்குவது நாணயமா என்று கேட்பவர்கள், கையெழுத்திட்டபோது எதைப் படித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நிபந்தனைகள் அச்சாகிக் கைக்கு வருவது கையெழுத்துக்கும் பணத்துக்கும் பிறகு. நடுவில் நிறுவனத்திலிருந்து ஒரு சரிபார்ப்பு அழைப்பு வரும். "எல்லாத்துக்கும் ஆமான்னு சொல்லிடு" என்று முந்தைய நாளே பாடம் நடந்திருக்கும். ஆகவே சம்மதம் என்று ஒன்று உண்மையில் பிறப்பதற்கு இந்த முப்பது நாளைத் தவிர வேறு முகூர்த்தமே கிடையாது. பத்திரத்தைப் பிரித்தால் முதலில் பார்க்க வேண்டியது முதிர்வுத் தொகையைக்கூட அல்ல, பின்னால் இணைத்திருக்கும் விண்ணப்பத்தின் நகல். சர்க்கரை போடாத காபி குடிக்கும் மனிதர் அந்தத் தாளில் ஒரு நோயுமற்ற வஸ்தாதாக நின்றுகொண்டிருப்பார். பத்து வருடமாக மாத்திரை சாப்பிடுகிறவரின் ரத்த அழுத்தத்தை ஏஜென்டின் பேனா ஒரே 'இல்லை'யில் குணப்படுத்தியிருக்கும். முதல் மூன்று வருடத்துக்குள் இப்படிப்பட்ட பொய்யைக் காரணம் காட்டி நிறுவனம் பாலிசியைக் கேள்விக்குள்ளாக்கக் காப்பீட்டுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு இடம் தருகிறது. அப்போது பதில் சொல்ல வேண்டியவர் உயிரோடிருக்க மாட்டார். அவர் மனைவி சொல்ல வேண்டியிருக்கும். தவறான பதிலைத் திருத்தச் சொல்லி எழுத வேண்டும். திருத்த மறுத்தால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் எல்லாவற்றிலும் பலமானது அதுதான்: ரத்து செய்த மறுநாளே ஏதாவது ஆகிவிட்டால்? சிரிக்காமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது. நம்பி ஒரு குடும்பம் இருந்து, கையில் வேறு பாதுகாப்பு இல்லையென்றால், இருப்பதை முதலில் விடக்கூடாது. சேமிப்புக் கலக்காத டேர்ம் பாலிசிக்கு விண்ணப்பித்து, அது கைக்கு வந்த பிறகே பழையதைத் திருப்ப வேண்டும். புகைபிடிக்காத, ஆரோக்கியமான முப்பது வயதுக்காரருக்கு ஒரு கோடி ரூபாய் டேர்ம் பாலிசி, அந்த 50,000-இல் மூன்றில் ஒரு பங்குக்குள் கிடைக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. பத்து லட்சத்தை விட்டுவிட்டு ஒரு கோடியைப் பிடிப்பது எந்தப் பஞ்சாங்கப்படி அபசகுனம் என்று தெரியவில்லை. ஆனால் மருத்துவப் பரிசோதனை இழுத்தடிக்கலாம். சர்க்கரை உள்ள நாற்பத்தைந்து வயதுக்காரருக்குப் புது நிறுவனம் கையை விரிக்கவும் செய்யலாம். அவருக்கு, உண்மையைச் சொல்லி வாங்கிய சுமாரான பாலிசி, கிடைக்காத நல்ல பாலிசியைவிட மேல். எனவே முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். இருபத்தொன்பதாம் நாள் விழித்துக்கொள்பவருக்குச் சட்டம் உதவும், காலம் உதவாது. மாதம் ஒரு பாலிசி வாங்கி மாதம் ஒன்றைத் திருப்பி இலவசமாகப் பாதுகாப்பிலேயே இருக்கலாமே என்று யோசிக்கும் புத்திசாலிகளுக்காகத்தான் அந்த 55 ரூபாயைப் பிடிக்கிறார்கள்.

திருப்புவதென்று தீர்மானித்த பிறகு செய்யக்கூடாதது ஒன்றே ஒன்று: கடிதத்தைச் சித்தப்பாவிடம் கொடுத்தனுப்புவது. அவர் கெட்டவர் என்பதால் அல்ல. அவர் "பார்த்துக்கறேன், விடு" என்பார். பிறகு ஊருக்குப் போவார். திரும்பி வரும்போது முப்பது நாள் முடிந்திருக்கும். கிளை அலுவலகத்தில் நேரில் கொடுத்து, நகலில் தேதியுடன் முத்திரை வாங்க வேண்டும். கூடவே மின்னஞ்சலிலும் அனுப்புவது நல்லது. கவுன்டரில் இருப்பவர், "ஒரே ஒரு வருஷம் மட்டும் கட்டிப் பாருங்களேன்" என்பார். அவருக்கும் மேலே ஒருவர் இருக்கிறார். வாங்க மறுத்தாலோ பணம் வராவிட்டாலோ நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி, பிறகு ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா தளம், அதற்கும் பிறகு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். சென்னையிலும் அவருக்கு அலுவலகம் உண்டு. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். ரத்து விண்ணப்பத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் இருக்கும். அங்கே வந்ததும் நம் பேனாவுக்குப் பள்ளிக்கூட விடுப்புக் கடிதத்தின் வேகம் பிறந்துவிடுகிறது: குடும்பச் சூழ்நிலை, தங்கை திருமணம், தாயார் உடல்நிலை, எதிர்பாராத பண நெருக்கடி, தங்கள் உண்மையுள்ள. எதுவும் தேவையில்லை. எந்தக் காரணமாக இருந்தாலும் திருப்பித் தரலாம் என்பது 2024 ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது. "விருப்பமில்லை" என்று எழுதினால் போதும். மிச்சமிருக்கும் இடத்தில் வங்கிக் கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, ரத்து செய்த காசோலை ஒன்றை மறக்காமல் இணைக்கலாம்.