மூக்கிலிருந்து வால்வரை ஒரே கம்பி

பேரன் போன வாரம் கைபேசியில் ஒரு பொய்மீனைக் காட்டினான். செதில் செதிலாக மின்னும் உடம்பு, உயிருள்ளதைப் போன்ற கண், வயிற்றுக்குள் கிலுகிலுக்கும் சிறு குண்டுகள். இரண்டு நாளில் கண்டிக்கு வந்துவிடுமாம். "எப்படி இருக்கு தாத்தா?" என்றான். அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் என் விரல் தானாகவே படத்தைப் பெரிதாக்கி, வயிற்றில் முள் தொங்கும் வளையத்தைத் தேடியது. "கம்பி உள்ளுக்குள்ள முழுசா ஓடுதாடா?" என்று கேட்டேன். அவனுக்கு விளங்கவில்லை. விளக்கத் தொடங்கியவன் ஐம்பது வருஷம் பின்னால் போய்விட்டேன்.

துணிக்கும் பாணுக்கும் விடியுமுன் கியூவில் நின்ற எழுபதுகளில், மீனை ஏமாற்றும் சீமைச் சாமானை யார் இறக்குமதி செய்வார்கள்? ஹந்தானை மலையிலிருந்து இறங்கி மகாவலிக்குப் போன நாங்கள் மண்புழுவும் மாவுருண்டையும் கட்டித்தான் தூண்டில் போட்டோம். 1975இல் கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது துரைமார் பலர் மூட்டை கட்டினார்கள். பங்களாவில் வேலை பார்த்த மாமாவிடம், வர்ணம் உரிந்து பல்தடம் பதிந்த ஒரு மரப் பொய்மீன் வந்து சேர்ந்தது. அதைக் கையில் வாங்கிய அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

மரம் எங்கள் வாசலிலேயே இருந்தது. தேயிலைக்கு நிழல் தரும் முள்முருங்கையைக் கழிக்கும் நாளில் பெருவிரல் பருமனிலும் கூடின கிளைகளைப் பொறுக்கி, அடுப்புக்கு மேலே பரணில் ஒரு மாதம் காயப்போடுவோம். காய்ந்தால் பஞ்சு போலக் கனமற்ற மரம், பேனாக்கத்திக்கே வழிவிடும். உடம்புக்கு ஒட்டத் தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாள். அதை மீன்வலைத் துண்டின்மேல் வைத்து நகத்தால் தேய்த்தால் செதில் விழும். தண்ணீரைத் தள்ளி மீனை ஆட்டிவைக்கும் தாடைக்கு, அதே பெட்டியின் ஓரத்தில் அடித்த தகரம். இப்போது தேயிலை கடதாசிப் பைகளில் போகிறது. அந்தப் பெட்டியின் மணத்தை முகர்ந்து வளர்ந்தவர்களுக்குத்தான் இந்த இழப்பு எவ்வளவு பெரியது என்று தெரியும்.

கம்பி கட்டும் வித்தையைச் சொல்லித் தந்தவர் தோட்டத்துத் தச்சு பாஸ். நான் முதலில் செய்ததில் மூக்கிலும் வயிற்றிலும் திருகாணி வளையங்களை முறுக்கியிருந்தேன். அவர் குறடால் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார். வளையம் மரத்தூளோடு கையில் வந்தது. "தம்பி, மீன் இழுக்கிறப்ப மரத்த நம்பாத. கம்பிய நம்பு" என்றார். பேராதனையில் 1833இல் வெள்ளைக்காரன் ஆணியே அடிக்காமல் முதிரை மரத்தில் ஒரே வளைவாகப் பாலம் கட்டினான், அதுவும் கடைசியில் 1905இல் இரும்புப் பாலத்துக்குத்தான் இடம் விட்டது என்று அவர்தான் அப்போது சொன்னார்.

அவர் முறை இது. மீனின் வயிற்றோரமாக மூக்கிலிருந்து வால்வரை வாளால் ஒரு கீறல். சைக்கிள் சக்கரக் கம்பியை நெருப்பில் காட்டி இளக்கி, மூக்கில் ஒரு வளையம், நடுவில் கீழ்நோக்கி ஒன்று, வாலில் ஒன்று என்று மடக்கிக் கீறலுக்குள் இறக்க வேண்டும். நடு வளையத்துக்குச் சற்று முன்னால் குழி தோண்டி உருக்கிய ஈயம். அது இல்லாவிட்டால் மீன் மல்லாந்து மிதக்கும். பிறகு பசையும் மரத்தூளும் குழைத்து அடைத்து, வார்னிஷ் நான்கு பூச்சு. முள்முருங்கை தண்ணீர் குடிக்கும் மரம். நான் பொறுமையில்லாமல் இரண்டு பூச்சோடு விட்ட மீன் ஊதி வெடித்தது. ஆனால் மூன்று வளையங்களும் அந்த ஒரே கம்பியில் அப்படியே இருந்தன.

நீச்சல் பரீட்சை பீலியடித் தொட்டியில். இடப்பக்கம் ஓடினால் மூக்கு வளையத்தை மயிரிழை வலப்பக்கம் வளைக்க வேண்டும்; அந்த மயிரிழைக்காக ஒரு பின்னேரம் முழுவதும் போகும். மகாவலிக் கரைக் கட்டம்பேயில் முதல் விரால் என் பொய்மீனைக் கவ்வித் தங்கூசி விரலை அறுத்த கணம் இன்னும் என் கையில் இருக்கிறது.

லவுரி ராப்பலா என்ற பின்லாந்து மீனவர் 1936இல் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய வெள்ளித்தாளை ஒட்டி, புகைப்பட நெகட்டிவை உருக்கிப் பூசித் தன் முதல் பொய்மீனைச் செய்தார் என்று பிற்காலத்தில் வாசித்தபோது நெஞ்சு நிறைந்தது. அவருடைய பெயரைத் தாங்கிய பெட்டிகள்தான் 1977க்குப் பிறகு, இறக்குமதிக் கதவு திறந்ததும், கடைக் கண்ணாடிக்குள் வந்து உட்கார்ந்தன. சந்தோஷமாக வாங்கினோம், கத்தியை மடக்கி வைத்தோம். ஆறும் மாறியது. 1976இல் பொல்கொல்லையில் அணை மறித்து, தண்ணீரைச் சுரங்கம் வழியே உக்குவளைக்குத் திருப்பினார்கள். 1985இல் விக்டோரியா நீர்த்தேக்கம் பழைய தெல்தெனியா நகரத்தையே மூடிக்கொண்டது. விளக்கு எரிகிறது, வயல் விளைகிறது, அதை நான் குறை சொல்லமாட்டேன். ஓடுகிற தண்ணீரில் வாழ்கிற மஹசீருக்கு மட்டும் அங்கே ஓட்டம் இல்லை. திலாப்பியாவுக்குக் குளம் கிடைத்தது.

அலுமாரியைத் துழாவி என் பழைய மீனொன்றைப் பேரன் கையில் வைத்தேன். மரம் உளுத்துவிட்டது. அவன் கேட்காமலே வளையத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். வரவில்லை. இப்போது எங்கள் அடுப்படிப் பரணில் இரண்டு முள்முருங்கைக் கிளைகள் காய்கின்றன.

உங்கள் வீட்டுப் பின்புறத்தில் பழைய சைக்கிள் சக்கரம் கிடந்தால், இரும்புக்காரருக்குப் போடுமுன் நாலைந்து கம்பிகளைக் கழற்றி வையுங்கள். பிள்ளைகள் கேட்பார்கள்.