பஸ்ஸுக்குள் ஒரு பஸ்

தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார். வயது பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் நடுவில். சொந்தமாக ஏழெட்டு பஸ் ஓடுகிறது. டீ குடிக்க மட்டும் அப்பாவிடம் காசு கேட்பார். அத்தனை வண்டியும் செல்போனுக்குள். 2017-இல் வெளிவந்த 'பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா' என்கிற விளையாட்டுதான் இவருடைய டெப்போ.

பெயருக்குத்தான் இந்தோனேசியா. வண்டிக்கு நாமே பெயின்ட் அடித்துக்கொள்ளலாம், வேறு யாரோ செய்த பஸ்ஸையும் உள்ளே ஏற்றிக்கொள்ளலாம் என்று அதில் வழி விட்டுவிட்டார்கள். நம்மவர்களுக்கு அது போதாதா? கண்ணாடிக்கு மேலே 'முருகன் துணை', பக்கவாட்டில் மயில், போர்டில் சேலம் – ஈரோடு. வண்டி போய்க்கொண்டிருப்பது ஜாவாத் தீவில். அங்கேயும் சாலையின் இடது பக்கம்தான் என்பதால் பெரிய சங்கடம் ஒன்றும் இல்லை. ஹாரனுக்கும் குறைவில்லை. 2016 கடைசியில், ஜாவா சாலையோரத்துப் பிள்ளைகள் அட்டையைத் தூக்கிப் பிடித்து, ஹாரன் அடிக்கச் சொல்லி பஸ்காரர்களிடம் கெஞ்சிய காட்சி உலகமெல்லாம் சுற்றி வந்தது. அந்த ஊர்ப் பைத்தியமும் நம்மூர்ப் பைத்தியமும் தாராளமாகச் சம்பந்தி ஆகலாம்.

இரவு பத்து மணிக்கு டியூட்டி ஏறுவார். ஏறுமுன் போனைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வளைவு வந்தால் உடம்பு சாயும். பிரேக் பிடித்தால் வலது கால் கட்டில் சட்டத்தை மிதிக்கும். "டேய், சோறு ஆறுது" என்று அம்மா கத்தினால், "ஸ்டாண்டுல போட்டுட்டு வரேம்மா" என்று பதில் வரும்.

அவ்வளவு ஆசையிருந்தால் ஹெவி லைசென்ஸ் எடேன் என்றார் அப்பா. அதற்கு 20 வயது ஆகியிருக்க வேண்டும். லைட் லைசென்ஸ் வாங்கி ஒரு வருஷமும் கழிந்திருக்க வேண்டும். முதலில் டூவீலரிலிருந்து தொடங்குவோம் என்று ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனார். சுரபாயாவில் முழுநீள பஸ்ஸை ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுக்கிறவர், எட்டு போடும்போது பாதியிலேயே காலை ஊன்றிவிட்டார்.

வெறும் திரைமோகம் என்று ஒதுக்கவும் எனக்கு மனமில்லை. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று, சத்தத்தை வைத்தே லேலண்டா டாடாவா என்று சொல்லிவிடுகிற காது அது. பஸ் ஸ்டாண்டில் மணிக்கணக்கில் நிற்காமல் அந்தக் காது வந்திருக்காது. ஆனால் அவர் வண்டியில் ஏறும் ஜனங்கள் இருக்கிறார்களே, ஏறுவார்கள், உட்காருவார்கள், இறங்குவார்கள். பத்து ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறு ரூபாயை நீட்டமாட்டார்கள். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட் பிடிக்கமாட்டார்கள். கோழிக்கூடையோடு ஏறி, அதற்கு லக்கேஜ் எதற்கு என்று சண்டை பிடிக்கமாட்டார்கள். ஒருவர்கூட வாந்தி எடுக்காத பஸ்ஸை ஓட்டுவதில் என்ன கெட்டிக்காரத்தனம் வேண்டிக் கிடக்கிறது?

போன வாரம் டவுன் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அவர். மடியில் பை, கையில் போன். பஸ்ஸில் உட்கார்ந்து பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். கண்டக்டர் தோளைத் தட்டினார்.

"தம்பி, நீ இறங்க வேண்டிய ஸ்டாப் போயி ரெண்டு ஸ்டாப் ஆச்சு."

"ஒரு நிமிஷம்ணா, ஓவர்டேக்ல இருக்கேன்."

கண்டக்டர் குனிந்து திரையைப் பார்த்தார். "எதுத்தாப்புல லாரி வருது, அமுக்கு அமுக்கு!" என்று பதறினார். லாரி ஒதுங்கி, மூச்சும் வந்த பிறகுதான், கூடுதல் தூரத்துக்கு டிக்கெட் கிழித்தார்.